பொன்மணி என்று தொடங்கிய வாக்கியம்

உப்புத் தண்ணீர் தினமும் விடிவதற்கு முன்பே வந்துவிடும். நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று தண்ணீருக்கே தெரியாது. பாண்டிச்செல்வம் எழுந்து பாயைச் சுருட்டுவான். குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுப் பல் தேய்ப்பான். குடம் நிறைந்ததும் உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து வருவான். வாசலில் தண்ணீர் தெளிப்பான். கோலம் போடத் தெரியாது. பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாதியைக் காய்ச்சுவான். மீதிப் பாதியை டம்ளரில் ஊற்றி மூடி வைப்பான். சாயங்காலம் வந்து பார்த்தால் திரிந்திருக்கும். கொட்டுவான். கடையில் சின்னப் பாக்கெட்டும் உண்டு. கேட்டு வாங்க இன்னும் வாய் வரவில்லை.

குளிப்பான். சட்டையைத் தேய்ப்பான். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். பிறகு பஸ் ஏறி சிவகாசிக்குப் போவான். அங்கே ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை பார்ப்பது அவன் வேலை. பி.ஏ. படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. ‘பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் வெடிக்கவும்’ என்ற வரியை அவனைப் போல அத்தனை தடவை படித்தவன் அந்த வட்டாரத்திலேயே இருக்கமாட்டான்.

அன்றைக்கு அச்சகம் இல்லை. சாத்தூர் தாலுகா அலுவலகத்தில் வெடி விபத்து விசாரணை. அவனையும் வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாமியார் முருகம்மாள் தூக்குச்சட்டியோடு வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு.

“எந்திரிச்சிட்டீகளா மாப்ள? சாப்பிட்டீகளா?”

“இனிமேதான் அத்தை.”

“இனிமே என்ன இனிமே. வெறும் வயித்தோட ஆபீசர் முன்னால நின்னா நாக்கு மேல ஒட்டிக்கிடும். உக்காருங்க.”

உட்கார்ந்தான். இட்லியைப் பிட்டான். முருகம்மாள் எதிரிலேயே நின்றாள். அவன் எத்தனை வாய் சாப்பிடுகிறான் என்று பார்ப்பதற்காக நிற்கிறவள் போல இருந்தது. அதற்காக நிற்கவில்லை.

“அங்கன போயி மென்னு முழுங்கப்படாது. பொன்மணிதேன் தட்டை இழுத்தாள்னு பளிச்சின்னு சொல்லிரணும்.”

“நான் அங்கன இல்லையே அத்தை.”

“நீங்க இல்ல. எம்மக இருந்தாள்ல? சாகயில உங்ககிட்டதான சொன்னா? பெத்தவகிட்டயா சொன்னா?”

அவன் இட்லியைத் தட்டில் வைத்தான். தண்ணீர் குடித்தான்.

“கோடாங்கியும் குறி சொல்லிட்டாரு. இன்னும் என்ன உங்களுக்கு ரோசனை?” என்றாள் முருகம்மாள். “நான் எட்டரை பஸ்ஸுல வந்துருதேன். முன்னால போயி நில்லுங்க.”

தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். போகும் வழியில் பொன்மணி வீட்டு வாசலில் நின்று குனிந்து ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போவாள். அது இப்போது அவளுக்கு தினப்படி வேலையாகிவிட்டது. தெருவில் யாரும் தடுப்பதில்லை. பொன்மணி வீட்டில் யாரும் கதவைத் திறப்பதில்லை.

தட்டு என்றால் மணி மருந்துத் தட்டு. மேலே போய் கலர் கலராகச் சிதறும் வெடிகளுக்குள்ளே மிளகு போல உருண்டை உருண்டையாக மருந்து இருக்கும். அதுதான் மணி மருந்து. வெயிலில் காயவைத்துத் தட்டுத் தட்டாக அறைக்குக் கொண்டுவருவார்கள். தட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கவேண்டும். தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் வெடிக்கும். மருந்து வேலைக்குப் போகிற எல்லாருக்கும் அது தெரியும். முருகம்மாளுக்கு அது சாமி வாக்கு. கல்யாணமான புதிதில் வேலைக்குப் போனவள், மகள் தலையெடுக்கும் வரை மருந்தில் உட்கார்ந்தவள், ஒரு தழும்பு இல்லாமல் வீடு திரும்பியவள். தனக்குப் பதிலாக மகள் பிரீத்திகாவை அனுப்பிய அன்றைக்கு வீட்டில் முறத்தைக் கொடுத்துத் தூக்கச் சொல்லிப் பழக்கினாள். பிரீத்திகா சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் இழுத்தாள். முதுகில் ஒன்று வைத்தாள் முருகம்மாள். “அங்கன இப்பிடி இழுத்தா சிரிக்கதுக்கு வாயி இருக்காதுடி.”

அந்தக் கதையை அவனிடம் சொன்னது பிரீத்திகாதான். சொல்லும்போது முதுகைத் தேய்த்துக் காட்டுவாள்.

மருந்து வெடித்த அன்றைக்கு பிரீத்திகாவோடு அந்த அறையில் இருந்தவர்களில் ஊர்க்காரி கற்பகவல்லியும் இன்னொரு பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். பொன்மணி வாசலை ஒட்டி இருந்ததால் வெளியே தூக்கி எறியப்பட்டாள். கையில் மட்டும் காயம். சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பிரீத்திகாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருநாள் பச்சை அங்கியை மாட்டிவிட்டு அவனை மட்டும் உள்ளே விட்டார்கள். அவள் விழித்திருந்தாள். தெளிவாகப் பேசினாள்.

“பொன்மணி தூக்குவோம் இருன்னா. நாந்தேன் கேக்காம இழுத்துட்டேன்.”

அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்த இன்னொன்றினால்தான் முதலில் சொன்னதும் அவனுக்குள்ளேயே கிடக்கிறது.

வெளியே வந்தபோது நடைபாதையில் ஊரே நின்றது. என்ன சொன்னா, என்ன சொன்னா என்று சூழ்ந்துகொண்டார்கள். “பொன்மணி...” என்றான். முருகம்மாளின் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் வரவில்லை. அதற்குள் உள்ளே இருந்து நர்ஸ் ஓடிவந்து அவனைக் கூப்பிட்டாள். அவன் மறுபடியும் வெளியே வரும்போது பிரீத்திகா இல்லை. அவன் விட்ட வாக்கியத்தை நடைபாதையே எழுதி முடித்திருந்தது.

சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். வந்து உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “கடைசியா என்னப்பா சொல்லுச்சு புள்ள?” என்பார்கள். அவன் வாய் திறப்பதற்குள் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். “தண்ணி கேட்டிருக்கும் பாவம்.” “அம்மான்னிருக்கும்.” “உன்னை ஒத்தையில விட்டுட்டுப் போறேன்னு அழுதிருக்கும்.” தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். குனிந்த தலையை ஆளுக்கொரு விதமாகப் படித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பேப்பரில் ‘உராய்வு காரணமாக’ என்று வந்தது. வருஷா வருஷம் எந்தக் கம்பெனி வெடித்தாலும் அந்த ஒரே சொல்தான். பழைய பேப்பரையே எடுத்துப் பேரை மாற்றிப் போடலாம்.

போன வெள்ளிக்கிழமை முருகம்மாள் அவனைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். துர்மரணம் நடந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் போகிற இடம். உடுக்கையை அடித்தார். கொட்டாவி விட்டார். உடம்பை முறுக்கினார். பிறகு பெண் குரலில் அழுதார். “கூட இருந்தவளே கொள்ளி வச்சிட்டாளே ஆத்தா! மச்சான், உன்னை விட்டுட்டுப் போறேனே!”

முருகம்மாள் தரையில் விழுந்து புரண்டாள். பாண்டிச்செல்வம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். பிரீத்திகா அவனை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’ என்பாள். கோபம் வந்தால் ‘சார்’ என்பாள். இதில் பிழை இருக்கிறது, அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைப் பொத்தினான். அழுகிறான் என்று கோடாங்கி விபூதி பூசினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முருகம்மாள் பல நாளைக்குப் பிறகு தூங்கினாள். அவன் தோளில் தலை சாய்ந்திருந்தது. அவளை எழுப்பி என்ன சொல்வது?

*

தவுபிக் பைக்கோடு தெருமுனையில் நின்றான். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். அவனும் லீவு போட்டிருந்தான்.

“ஏலே, நீ எதுக்கு லீவு?”

“ஒன்னையக் கூட்டிட்டுப் போகத்தாம்லே. நீ பஸ்ல ஏறுனா எங்க எறங்குவன்னு யாரு கண்டா. நேத்து நீ பாத்து அனுப்புன லேபிளைப் பாத்தியா? சிவகாசியில ‘சி’யைக் காணோம். வகாசி. முதலாளி கேக்காரு, வகாசின்னு புது ஊரு எப்ப வந்துச்சுன்னு.”

“அடிச்சாச்சா?”

“அடிச்சிருந்தா நான் இங்கனயா நிப்பேன்? ஏறு.”

ஏறினான். நாலுவழிச் சாலையில் காற்று காதில் அடித்தது. இரண்டு பக்கமும் கருவேலம். இடையிடையே தகரப் பலகை வைத்த பட்டாசுக் கம்பெனிகள். சிலவற்றில் வேலை நடந்தது. அவர்கள் ஊர்க் கம்பெனியின் கேட்டில் சீல் வைத்திருந்தது. தவுபிக் அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் கூட்டினான்.

“என்ன சொல்லப் போற?” என்றான் திரும்பாமல்.

“தெரியல.”

“அதையே சொல்லு. தெரியாதுன்னு சொல்லிட்டு வாலே. தெரியாதுங்கது பொய்யில சேராது.”

“எனக்குத் தெரியுமே.”

“ஒனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல?”

பாண்டிச்செல்வம் கொஞ்ச தூரம் போனதும் “நிப்பாட்டு” என்றான். இறங்கி ரோட்டோரம் நடந்தான். ஒன்றுக்குப் போகிறான் என்று தவுபிக் நினைத்தான். அவன் சும்மா நடந்தான். அங்கே ஒரு கல் கிடந்தது. அதைக் காலால் தள்ளிப் பார்த்தான். திரும்பி வந்து ஏறிக்கொண்டான். மறுபடியும் ஒரு தடவை அப்படி நிறுத்தச் சொன்னான். தவுபிக் நிறுத்தினான். ஏன் என்று கேட்கவில்லை.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடை. வெடித்த கம்பெனியின் போர்மேன் ஆண்டிச்சாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஊர், சித்தப்பா முறை. ஜாமீனில் வந்திருக்கிறார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். முன்பு மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு நிற்பவர், இப்போது மீசையை எடுத்துவிட்டார்.

“வாலே மகனே. டீ குடி.”

“வேண்டாம் சித்தப்பா.”

“குடி. மாஸ்டர், சீனி கம்மியா ஒண்ணு.” அவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். குரலைத் தாழ்த்தினார். “தீவாளி வந்துட்டு இருக்கு. ஆர்டர் எல்லாம் அப்பிடியே நிக்கி. ஊரு முழுக்க வீட்டுல உக்காந்திருக்கு. வேலைக்காரி கவனக்கொறைவுன்னு ஆயிட்டா சீலைத் தொறந்துருவாக. நானும் தப்பிச்சேன்.”

“ரூமுக்கு நாலு பேருதான சித்தப்பா இருக்கணும்? எட்டுப் பேரு இருந்தாக.”

“எல்லா ரூம்லயும் எட்டுப் பேருதேன். மத்த ரூம் எதுவும் வெடிக்கலையே.”

பாண்டிச்செல்வம் அவரைப் பார்த்தான். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

“யாரு இழுத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டுத்தேன் வந்தேன். எனக்கு எப்பிடித் தெரியும்?” டீயை ஊதினார். “கம்பெனிக்கும் அது தேவையில்ல. எவளோ ஒருத்தி இழுத்தா. நீ ஒரு பேரைச் சொன்னா சோலி முடிஞ்சது.”

“எந்தப் பேரா இருந்தாலும் சரியா?”

“உசுரோட இருக்கவ பேரா இருந்தா நல்லது. செத்தவுக பேரைக் கெடுக்கப்படாதுல்ல.”

டீ கை சுட்டது. பாதியைக் குடித்தான். எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்து ரோட்டைக் கடந்தான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உரசினாற்போலப் போனது.

*

தாலுகா அலுவலக வராந்தாவில் ஆதார் திருத்தத்துக்கு ஒரு வரிசை, பட்டா மாறுதலுக்கு ஒரு வரிசை. விசாரணைக்கு வந்தவர்கள் கடைசி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் இருந்தார்கள். முருகம்மாள் வந்துவிட்டாள். பெஞ்சின் இந்த ஓரத்தில் அவள். பொன்மணி பெஞ்சில் இல்லை. அந்தப் பக்கத் தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை கட்டுப்போட்டு மார்போடு தொங்கியது. கூட யாரும் வரவில்லை.

அவனைப் பார்த்ததும் பொன்மணி எழுந்தாள். ஒற்றைக் கையை ஊன்றி எழச் சிரமப்பட்டாள். அவன் நேராக அவளிடம் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. முதுகில் முருகம்மாளின் பார்வை குத்தியது.

“அண்ணே,” என்றாள் பொன்மணி. “ஒண்ணு கேக்கணும். வெளாட்டுக்குக் கேக்கேன்னு நெனைக்காதீக. நான் இழுத்தேனா?”

அவனுக்கு விளங்கவில்லை. “என்ன?”

“எனக்கு ஞாவகம் இருக்கது அம்புட்டும் தண்ணிச் செம்பை எடுக்கக் குனிஞ்சதுதேன். அதுக்கு முந்தி தட்டுப் பக்கத்துல இருந்தேன். அவகூட என்னமோ பேசுனேன். என்ன பேசுனேன்னு வரமாட்டேங்குது. அப்பறம் வெளிய கெடந்தேன். காது ரெண்டும் கேக்கல.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “மொதல்ல நான் இழுக்கலன்னுதேன் சொன்னேன். போலீஸ்ல சொன்னேன். எங்க வீட்டுல சொன்னேன். இப்ப அப்பிடி நெஞ்சு துணிஞ்சு சொல்ல முடியலண்ணே. ஊரே சொல்லுது. கோடாங்கி சொல்லிட்டாராம். எல்லாத்துக்கும் மேல, அவ சாகயில சொல்லியிருக்கா. சாகப்போறவ எதுக்குப் பொய் சொல்லுவா? அதுவும் எம்மேல? ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டவ.”

“பொன்மணி...”

“படுத்தா கனவுல நான் இழுக்கேன். தட்டு சத்தம்கூடக் கேக்குது. அப்ப நாந்தேன் இழுத்திருப்பேன் போலண்ணே. உள்ள போயி ஒத்துக்கிடப் போறேன். ஒத்துக்கிட்டா இது நின்னுரும்ல?”

அவள் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவள் போலக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான். சொல்லாமல் விட்டது ஊர் வழியாக நடந்து, கோடாங்கி வாயில் புகுந்து, கடைசியில் இவளுடைய தூக்கத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

கதவைத் திறந்து அதிகாரியின் டவாலி எட்டிப் பார்த்தார். “பொன்மணி யாரும்மா?”

பொன்மணி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“நான் போறேன்,” என்றான் பாண்டிச்செல்வம். “சார், நான் பிரீத்திகா வீட்டுக்காரன். மொதல்ல நான் போறேன்.”

“உங்க முறை வரும் தம்பி.”

“சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று பின்னால் இருந்து தவுபிக் சம்பந்தமில்லாமல் ஒரு போடு போட்டான். டவாலி அவனை முறைத்துவிட்டு உள்ளே பார்த்தார். உள்ளே இருந்து “யாராவது ஒருத்தர் வாங்கய்யா” என்று குரல் வந்தது. போனான்.

அதிகாரி நடுத்தர வயது. மேசை விசிறி காகிதங்களைத் தூக்கப் பார்த்தது. அவர் ஒரு கையால் அழுத்திக்கொண்டே கேட்டார். பக்கத்தில் ஒரு அம்மா தட்டச்சு செய்தார்.

“சம்பவ இடத்துல இருந்தீங்களா?”

“இல்லைங்க.”

“நேர்ல பார்க்கல. சரி. உங்க மனைவி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னா.” கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினான். “தட்டை இழுத்தது அவதான். பொன்மணி தடுத்திருக்கா. தூக்குவோம் இருன்னு சொல்லியிருக்கா.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். தட்டச்சு நின்றது.

“உங்க மனைவியே?”

“ஆமாங்க.”

“இதை யாராவது சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லைங்க. இதைச் சொல்லச் சொல்லி யாரும் கேக்கல.”

அந்த அம்மா தட்டினார். அது முடியும் வரை காத்திருந்தான். பிறகு சொன்னான். “நாலு பேரு ரூம்ல எட்டுப் பேரு இருந்தாக. வீட்டுக்கு வந்து தெனமும் சொல்லுவா. கால் நீட்ட இடமில்லை, ஆளுக்கொரு பக்கம் நின்னு தட்டைத் தூக்கணும்னா நடுவுல இருக்கவ எந்திரிச்சு வெளிய போகணும்னு. சீசன்ல யாரும் எந்திரிக்கிறதில்லை.”

“அது கேள்விப்பட்டதுதானே?”

“ரெண்டுமே கேள்விப்பட்டதுதாங்க. ஒரே ஆள்தான் சொன்னா. ஒண்ணை எழுதுனா இன்னொண்ணையும் எழுதணும்.”

அதிகாரி காகிதத்தின் மேல் இருந்த கையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினார். விசிறிக் காற்றில் இரண்டு தாள் பறந்து கீழே விழுந்தது. டவாலி பொறுக்கினார். “எழுதுங்கம்மா, எட்டுப் பேர்,” என்றார் அதிகாரி. பிறகு அவனிடம், “வேற ஏதாவது சொன்னாங்களா?”

“அது விசாரணைக்கு வேண்டியதில்லைங்க.”

கையெழுத்துப் போட்டான்.

*

அரைக் கதவு. உள்ளே பேசியது வராந்தா வரை கேட்டிருக்கிறது. அவன் வெளியே வந்தபோது பட்டா வரிசைகூட அவனைப் பார்த்தது. ஆண்டிச்சாமி தூணருகில் நின்றார். “எட்டுப் பேருன்னு எதுக்குலே சொன்ன?” என்றார். கோபம் இல்லை, ஆள் சட்டென்று வயதாகிப்போன குரல். “அதை யாரு ஒங்கிட்ட கேட்டா?” பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினார்.

பொன்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. ‘இருன்னு சொன்னேனா’ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போல இருந்தது.

முருகம்மாள் அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

“என்ன சொல்லிட்டு வந்தீக?”

“கேட்டிருப்பீகளே அத்தை.”

“எங்காதுல சரியா விழல. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“பிரீத்திகாதான் இழுத்தா.”

“பொய்.” ஒரே சொல். வரிசை முழுக்கத் திரும்பியது. “எம்மக இழுக்க மாட்டா. நான் பழக்குனவ. பாதித் தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாலும் தூக்கத்தேன் செய்வா. கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான்? இல்ல இவ என்ன குடுத்தா?”

“அத்தை...”

“அத்தைன்னு சொல்லாதீக! செத்த பொண்டாட்டி தலையில பழியப் போட்டுட்டு அத்தையா?” அவன் சட்டையைப் பிடித்தாள். காலையில் தேய்த்த மடிப்பு அவள் கைக்குள் கசங்கியது. “கற்பகவல்லி ஆத்தா தெனமும் எம் மடியில படுத்து அழுகா. ரெண்டு பேரும் சேந்துதான மண்ணை வாரித் தூத்துனோம். இனி அவ மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்? ஒம் மகதேன் எம் மகளைக் கொன்னான்னு கேட்டா என்ன சொல்லுவேன்?”

தவுபிக் நடுவில் வந்து, “ஆச்சி, ஆச்சி, விடுங்க ஆச்சி, எல்லாரும் பாக்காக” என்றான். அவள் அவனைப் புறங்கையால் தள்ளினாள்.

“தட்டு நெறைய மருந்து அத்தை. எட்டுப் பேரு. இடம் இல்ல,” என்றான் பாண்டிச்செல்வம். “அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் இழுத்துட்டா. அவசரம்.”

“அவ சொன்னாளா?”

“சொன்னா.”

“அவ வாயால?”

“அவ வாயாலதான்.”

முருகம்மாளின் கை சட்டையிலேயே இருந்தது. பிடி மட்டும் மாறிவிட்டது. விழாமல் இருக்கப் பிடிக்கிறவளின் பிடி. குரல் இறங்கியது. இந்தத் தடவை வராந்தாவில் யாருக்கும் கேட்டிருக்காது.

“நான் அந்தக் கதவுக்கு வெளியதான மாப்ள நின்னேன். நீங்க வெளிய வந்து மொதல்ல எம் மூஞ்சியத்தேன் பாத்தீக. அன்னைக்கே ஏன் சொல்லல? இம்புட்டு நாளும் என்னைய மண்ணைத் தூத்தவிட்டு வேடிக்கை பாத்தீக. கோடாங்கிகிட்ட வந்து உக்காந்தீக. பஸ்ல எம் பக்கத்துலயே இருந்தீக. பெத்தவகிட்ட ஏன் மறைச்சீக?”

அதற்கு அவனிடம் ஒரு பதில்தான் இருந்தது. அது அவனுடையதும் இல்லை. பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றபோது, உதடு ஒட்டி ஒட்டிப் பிரிய, கதவுப் பக்கம் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, பிரீத்திகா ரகசியமாகச் சொன்னது. அதை அவள் சொன்ன மாதிரியே அவள் அம்மாவிடம் சொன்னான்.

“இழுத்ததை எங்கம்மாகிட்ட சொல்லிராதீக. ஏசும்.”